மடிப்பு வெட்டாத நாவல்

ஒரு ஊரில் ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. அதற்குள் ஒரு நாவல் இருந்தது. அதன் பெயர் 'ஒன்பதாம் மதகு'.

அதை எழுதியவர் திருமலைக்கொழுந்து. நல்லாண்டான்குளம் என்ற அந்த ஊரிலேயே பிறந்து, ஊரின் பெரியகுளத்துக் கரையிலேயே நாற்பது வருஷம் நடந்து, மேட்டுத்தெரு வீட்டில் உட்கார்ந்து எழுதி, அங்கேயே கண்ணை மூடியவர். அவர் போன பிறகு வீட்டை நினைவில்லம் ஆக்கினார்கள். நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கைத்தடியைச் சுவரில் மாட்டினார்கள். நாவலைப் பேழையில் வைத்துப் பூட்டினார்கள்.

மறுபதிப்பு வரவே இல்லை. ஊரில் மிஞ்சியது அந்த ஒரு பிரதிதான். அதற்கும் ஒரு குறை இருந்தது. அச்சகத்தில் தாளை மடித்துத் தைத்தவர்கள் ஓரத்தை வெட்ட மறந்துவிட்டார்கள். மடிப்பைக் கத்தரித்தால்தான் படிக்க முடியும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கத்தரிக்கவில்லை. எழுதப்பட்டதெல்லாம் இருட்டிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். நாற்காலி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வாசலில் அடுக்கியிருக்கும் நாலு பக்கக் கையேட்டை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

"அவர் பிறந்த தேதி, படித்த பள்ளி, வாங்கிய பரிசு எல்லாம் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உன்னைப் பற்றியும் நல்லதாக நாலு வரி போட்டிருக்கிறார்கள். 'அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டிய நாவல்.' பார்த்தாயா?" என்றது கையேடு ஒருநாள்.

"நீ என்னை வாசித்திருக்கிறாயா?" என்று கேட்டது நாவல்.

"வாசிக்காமல் சிபாரிசு செய்வதற்குத்தானே என்னை அச்சடித்தார்கள்" என்றது கையேடு. அது பொய் சொல்கிற ஜாதி இல்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பெரியகுளத்தின் எட்டு மதகையும் தூக்கிவிட்டார்கள். அப்படியும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. நாலாம் நாள் காலையில் கிழக்குக் கரையில் மண் சரியத் தொடங்கியது. அது உடைந்தால் ஊர் மொத்தமும் போய்விடும். அதனால் மாலை நாலு மணிக்குத் தெற்குக் கரையைத் தாங்களே வெட்டிவிடுவது என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள்.

தெற்குக் கரைக்குக் கீழேதான் கீழத்தெரு. எண்பது வீடு. அதை அடுத்து வாழையும், அறுப்புக்கு நின்ற நெல்லும்.

கீழத்தெரு ஆட்களை மேட்டில் இருந்த நினைவில்லத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாத்திரமும் கோழியும் நனைந்த பாயுமாக வீடு நிறைந்துவிட்டது. பாதுகாவலர் கோமதிநாயகம் கூட்டத்துக்கு நடுவே தவித்துக்கொண்டு நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி செல்வக்கனி, நிற்க முடியாமல் கயிற்றைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாயி, அதுல உட்காரக் கூடாது" என்றார் அவர்.

"வேற எங்க உட்கார அண்ணாச்சி?" என்றாள் அவள். 

பேழைக்குள் நாவல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. தெற்குக் கரை என்ற சொல் காதில் விழுந்ததும் அதன் அட்டை விறைத்தது. பெரியகுளத்துக்கு இன்னொரு மதகு உண்டு. அது எங்கே இருக்கிறது, யார் மூடினார்கள், தண்ணீர் எந்த ஓடை வழியாக ஆற்றுக்குப் போகும், அத்தனையும் அதன் வயிற்றுக்குள் இருந்தது.

"பூட்டே, திற. இவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றது.

"சாவி இல்லாமல் நான் திறந்ததில்லை. சாவி நினைவில்லத் தலைவரிடம், தலைவர் சென்னையில்."

"வீடெல்லாம் போகப் போகிறது."

"உனக்கு ஒரு சேதமும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை" என்றது பூட்டு. அதன் குரலில் வன்மம் இல்லை, கடமைதான் இருந்தது.

நாவல் தன் பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தியது. மூடியிருக்கிற புத்தகம் கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஒரு கோழி மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சுவரில் இருந்த கடிகாரம் ஒன்றேகால் காட்டியது.

பேழையில் சாய்ந்தபடி தரையில் ஒரு பெண் இருந்தாள். பெயர் ஆவுடைத்தங்கம். கீழத்தெருவில் தையல்காரி. தைக்கிற யந்திரத்தைத் தூக்கி வர முடியவில்லை. இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியோடு மட்டும் வந்திருந்தாள். யாரோ ஈரம் துடைக்கக் கொடுத்த கையேட்டை வெறுமனே புரட்டியவள், கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணாச்சி, நம்ம குளத்துக்கு எட்டு மதகுதான?"

"ஆமா."

"பெறகு இவரு ஏன் ஒன்பதுன்னு பேரு வச்சாரு?"

கோமதிநாயகம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற பதிலைச் சொன்னார். "அது குறியீடு. ஒன்பதாம் மதகுங்கது மனுஷ மனசு. உன் கையில இருக்க கையேட்டுலயே போட்டிருக்கு பாரு."

ஆவுடைத்தங்கம் பார்த்தாள். அப்படித்தான் போட்டிருந்தது.

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"இது படிக்கதுக்கு இல்லம்மா, பாக்கதுக்கு."

"தெனமும் குளத்தங்கரையில நடந்த மனுஷன், மதக எண்ணத் தெரியாமலா எழுதியிருப்பாரு?" என்று எழுந்தாள். "இதத் தொறங்க."

"சாவி எங்கிட்ட இல்ல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த கைத்தடியை எடுத்தாள். கோமதிநாயகம் குறுக்கே வந்து நின்றார்.

"என் வேல போயிரும் ஆவுடை."

"எங்க வீடு போயிரும் அண்ணாச்சி."

 வெளியே மழை இரைந்தது. அவர் மெல்ல விலகி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடி நொறுங்கியது. பூட்டு, பூட்டியபடியே தொங்கியது.

அவள் நாவலைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள். எங்கும் மடிப்பு. கத்தரியை உருவி, துணி ஓரம் பிரிப்பதுபோல ஒவ்வொரு மடிப்பாக வெட்டத் தொடங்கினாள். நாவலுக்குள் முதன்முதலாக வெளிச்சம் புகுந்தது. கூசியது. வலித்தது. பொறுத்துக்கொண்டது.

எல்லா மடிப்பும் பிரிவதற்குள் இரண்டு மணி ஆகிவிட்டது. நானூறு பக்கம். ஒருத்தி படித்து முடிக்கிற கதையா அது? ஆவுடைத்தங்கம் புத்தகத்தைக் கவிழ்த்து, முதுகுத் தையலில் கத்தரியை வைத்தாள்.

நாவல் நடுங்கியது. உள்ளே தையல் நூல் பேசியது.

"என்னை அறுத்துவிட்டால் நீ புத்தகம் இல்லை, வெறும் தாள். நான் பழைய நூல், கெட்டி நூல். இறுக்கிப் பிடித்தால் இந்தச் சின்னக் கத்தரி திணறும். பிடிக்கட்டுமா?"

பிடி என்று சொல்லத்தான் நாவலுக்கு வாய் வந்தது. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒன்றாய் இருப்பதுதானே அதற்கு உயிர். அப்போது நாற்காலியில் செல்வக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே கீழத்தெருவையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இத்தனை நாளும் நான் புத்தகமாகவா இருந்தேன்?" என்றது நாவல். "விட்டுவிடு."

நூல் தளர்ந்தது. நாவல் இருபத்தைந்து கட்டாகப் பிரிந்தது.

"எழுத்துக்கூட்டத் தெரிஞ்சவங்க எல்லாம் ஆளுக்கொண்ணு வாங்குங்க" என்றாள் ஆவுடைத்தங்கம். "காதல், கல்யாணம், சண்டை எதையும் பாக்காதீங்க. மதகு, கரைன்னு எங்க வந்தாலும் சத்தமாச் சொல்லுங்க."

வீடு அடங்கியது. தாள் புரளும் சத்தமும் மழையும்தான். இரண்டே கால் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. மூலையில் ஒரு பெரியவர் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டார். கண் நிறைந்திருந்தது.

"அண்ணாச்சி, கதைய நாளைக்குப் படிக்கலாம், தேடுங்க" என்றாள் அவள்.

"தேடுதேன் தாயி. ஆனா இது எங்க ஆத்தா பேசுத மாதிரியே இருக்கு."

கோமதிநாயகத்துக்கு மட்டும் கட்டு கிடைக்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர் தோள் வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டே முக்காலுக்குச் செல்வக்கனி நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தாள். பதினேழாம் அத்தியாயம் அவளிடம் இருந்தது. எல்லோரும் கேட்கும்படி வாசித்தாள்.

"ஒன்பதாம் மதகை மூடிய அன்று குருவம்மா அங்கே நின்றாள். மேலூர்த் தோட்டத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும் என்பதற்காகக் கீழே போகிற வாயை அடைத்தார்கள். மீன் செதுக்கிய கல்லைச் சாய்த்துக் களிமண்ணை அப்பினார்கள். ஊர் மறந்துவிடும் என்று நினைத்தார்கள். தண்ணீர் மறக்கவில்லை. கல்லுக்கு அடியில் கோடையிலும் கசிந்துகொண்டே இருந்தது."

 பிறகு பெண்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்:

"கரைக்குக் கீழ, கசிவுப் பள்ளத்துல நாம துணி துவைக்கிற கல்லு. அதுல மீன் இருக்கு."

ஆவுடைத்தங்கம் அந்தக் கட்டை மட்டும் வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். ஆண்களும் பெண்களுமாக நாற்பது பேர் பின்னால் போனார்கள். நாவலின் ஒரு பாகம் மழையில் போயிற்று. மற்ற பாகங்கள் வீட்டில் காத்திருந்தன.

தெற்குக் கரையில் மண் வெட்டும் யந்திரம் தயாராக நின்றது. பொறியாளர் நனைந்த தாளைக் குடைக்குக் கீழே பிடித்துப் படித்தார்.

"இது கதைம்மா. கதையை நம்பிக் கரையில கை வைக்க முடியுமா?"

"எழுதினவரு நாப்பது வருஷம் இந்தக் கரையில நடந்தவரு சார். நீங்க வந்து நாலு மாசம்."

அவர் மறுபடி படித்தார். கரைக்குக் கீழே கசிவுப் பள்ளத்தில் இறங்கிக் கல்லைத் தடவிப் பார்த்தார். விரலில் மீனின் வால் தட்டுப்பட்டது. மணி மூன்றேகால்.

"நாலு வரைக்கும்தான். அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது" என்றார்.

களிமண்ணைத் தோண்டினார்கள். புதைந்திருந்த கல்லின் தலை தெரிந்ததும் வடம் கட்டி, தள்ளி நின்று இழுத்தார்கள். முதல் இழுப்பில் வடம் அறுந்தது. யந்திரத்தை இறக்கிச் சங்கிலி போட்டார்கள். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது கல் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுப்பாய் ஒரு வாய். தண்ணீர் இல்லை. சேறு மட்டும் பிதுங்கி வந்து நின்றது.

"அடைச்சுப் போச்சு" என்றார் பொறியாளர். கையைத் தூக்கி யந்திரத்தைத் தெற்குக் கரையை வெட்டத் திருப்பச் சொன்னார்.

கை கீழே வருவதற்குள் பூமிக்குள் ஏதோ புரண்டது. சேறு ஒரு ஆள் உயரத்துக்குப் பாய்ந்து விழுந்தது. அதன் பின்னால் குளம் வந்தது. புதர் மண்டிய பழைய ஓடையைத் தானே கண்டுபிடித்து, முள்ளை முறித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடியது.

பொறியாளர் அளவுக்கம்பத்தைப் பார்த்தபடியே நின்றார். நாலே கால். நாலரை. தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அவர் யந்திரக்காரரிடம் சாவியை எடுத்துவிடச் சொன்னார். அப்போதுதான் ஆவுடைத்தங்கம் சேற்றில் உட்கார்ந்தாள்.

பொறியாளர் கையில் இருந்த பதினேழாம் அத்தியாயம் கூழாகிவிட்டது. எழுத்து கரைந்து விரலிடுக்கில் ஒழுகியது. அந்தப் பாகம் போனது நாவலுக்கு வீட்டில் இருந்தே தெரிந்தது. அதை நூறு பேர் கேட்டிருந்தார்கள். அதனால் அது அழவில்லை.

மூன்றாம் நாள் கீழத்தெரு ஆட்கள் வீடு திரும்பினார்கள். நினைவில்லத்தைக் கூட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். நாவலை மட்டும் திருப்பி வைக்கவில்லை. யாரும் திருடவும் இல்லை. படித்து முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் தலைவர் சென்னையிலிருந்து வந்தார். உடைந்த பேழையைப் பார்த்தார்.

"ஒரு தாள் குறையாம வாங்கிட்டு வாரும்" என்று கோமதிநாயகத்தை அனுப்பினார்.

கோமதிநாயகம் ஒரு பையோடு கீழத்தெருவில் இறங்கினார். முதல் வீட்டில் ஒருத்தர், "ரெண்டு பக்கம் பாக்கி, உட்காருங்க" என்றார். உட்கார்ந்தவர் சும்மா இருக்க முடியாமல் அந்தக் கட்டை முதலிலிருந்து படித்தார். அடுத்த கட்டு எதிர்வீட்டில் இருந்தது. அங்கே போனார். அதற்கடுத்தது தெருக்கோடியில். வெயில் ஏறியது, இறங்கியது. பையைப் பாதி வழியில் யார் வீட்டிலோ வைத்துவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆவுடைத்தங்கத்தின் வாசலுக்கு வந்து நின்றார். அவளிடம் கடைசிக் கட்டு இருந்தது. எங்கே பையைக் காணோம் என்று பார்த்துவிட்டு, அவள் தாள்களை அடுக்கி நீட்டினாள்.

"வாங்கிட்டுப் போங்க அண்ணாச்சி, தலைவரு காத்திட்டிருப்பாரு."

"அவரு இருக்கட்டும்" என்றார் கோமதிநாயகம். "குருவம்மா ஆத்துல குதிச்சவ கரையேறினாளா இல்லையா? மொதல்ல அதைச் சொல்லு."