கடைசிப் படகுக்கு எட்டிய சொல்

கேளுங்கள் பெரியவர்களே, குழந்தைகளே. கடல் இன்னும் ஒரு கூப்பிடு தூரம் தள்ளி நின்ற காலத்தில், சங்குத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அங்கே மாணவர்கள் வாதம் பயில ஒரு மன்றம் இருந்தது.

ஆண்டுக்கொரு முறை கடற்கரையில் சொற்போட்டி நடக்கும். தீர்ப்புச் சொல்பவர்கள் புலவர்கள் அல்லர். கூட்டத்துக்கு அப்பால், அலையோரப் படகுகளில் உட்கார்ந்திருக்கும் பரதவர்கள். பேச்சு முழுதாகக் காதில் விழுந்து மனதிலும் பட்டால் துடுப்பை உயர்த்துவார்கள். மூன்று போட்டிகளில் ஒரு துடுப்பும் உயராதவன் மன்றத்தை விட்டுப் போக வேண்டும்.

வெண்ணாகனுக்கு மன்றத்தை விட்டால் வேறு வீடு கிடையாது. தாய் தகப்பன் இல்லாதவன். ஆனால் அவன் வாயில் இல்லாத உவமை இல்லை. முதல் போட்டியில் மலையை உவமை சொன்னான், துடுப்பு உயரவில்லை. இரண்டாவதில் மேகத்தைச் சொன்னான், அப்போதும் உயரவில்லை.

"தம்பி, மழை வேண்டும் என்கிறாயா, வேண்டாம் என்கிறாயா? தலை வந்தது, வால் வரவில்லையே!" என்று ஒரு பரதவர் கத்தினார். கரையே சிரித்தது.

மூன்றாவது போட்டிக்கு அவன் இன்னும் பெரிய உவமைகளைத் தேடிக்கொண்டிருந்தான்.

அதே மன்றத்தில் கொற்றி என்றொரு பெண் இருந்தாள். தினமும் மணலில் கால் ஊன்றி, மூச்சை இழுத்து, ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: "எங்கள் வயலில் நெல் விளைந்தது."

"என்ன கொற்றி, இன்னும் அறுவடை ஆகவில்லையா?" என்று எல்லோரோடும் சேர்ந்து வெண்ணாகனும் கேலி செய்வான்.

"விளைந்தது கடைசிப் படகுக்குத் தெரியட்டும், அறுத்துவிடலாம்" என்பாள் அவள்.

போட்டி நெருங்கியது. பயம் வந்தபோது கேலி போய்விட்டது. ஒரு காலையில் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"எனக்கும் சொல்லித் தா."

அவளும் அதே போட்டியில் பேசப் போகிறவள்தான். ஆனாலும் மறுக்கவில்லை.

"மூச்சு தீர்ந்த பிறகும் நீ பேசிக்கொண்டே போகிறாய். அது இருக்கும்போதே வாக்கியத்தை முடி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். செய்து பார்."

அவனால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. கொற்றி கரையோரம் தள்ளித் தள்ளிப் போய் நின்றாள். கடைசிச் சொல் கேட்டால் கையைத் தூக்கினாள். கேட்காவிட்டால் சும்மா நின்றாள். வெயில் ஏறியும் அவள் போகவில்லை.

போட்டி நாளில் காற்று பலமாக வீசியது. கலங்கள் வராத மழைக்காலத்திலும் கலங்கரை விளக்கை ஏற்ற வேண்டுமா என்பதே கேள்வி.

வெண்ணாகன் எழுந்தான். அழகான உவமை ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. மூச்சை அளந்து பார்த்தான். அது அவ்வளவு தூரம் போகாது. விட்டுவிட்டான்.

"கலம் வராது என்பது நமக்குத் தெரியும். கடலில் வழி தப்பியவனுக்குத் தெரியாது. அவனுக்காக விளக்கு எரியட்டும்."

படகுகளின் பக்கம் பார்த்தான். ஒரு துடுப்பு உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியாக, அன்று கத்திய பரதவரும் உயர்த்தினார். "வால் வந்து சேர்ந்தது தம்பி!"

அடுத்துப் பேசிய கொற்றிக்கு எல்லாத் துடுப்புகளும் உயர்ந்தன. வென்றவள் அவள். கை வலிக்கத் தட்டியவன் அவன்.

மறுநாள் காலையில், தன் வீடான மன்றத்து மணலில் கால் ஊன்றி நின்று, அவளோடு சேர்ந்து அவனும் சொன்னான்: "எங்கள் வயலில் நெல் விளைந்தது."

அடிப்படை கைவராதவனின் திறமை, எவ்வளவு பெரிதானாலும், கேட்பவரிடம் போய்ச் சேராது.