பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கொன்னமரத்துப்பட்டி இருக்கிறது. சாலையோரம் ஊருக்குப் பொதுவான கூடம். சைக்கிளில் மலையேற வருகிறவர்கள் அங்கே நிறுத்துவார்கள். காற்றடிக்கப் பம்பு, பானைத் தண்ணீர், ராகிக் கூழ். ஊர்க்காரர்களும் வேலை ஒழிந்தால் அங்கேதான் இருப்பார்கள். வந்தவர்களோடு பேசுவது அவர்களுக்குப் பிடிக்கும்.

கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் மயிலாத்தாள். அவருடைய சீடர் ஏகாம்பரம், அவரைவிட ஆறு வயது மூத்தவர். மாமல்லபுரத்தில் இருபது ஆண்டுகள் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவர். ஒருமுறை இந்த வழியாக வந்தபோது, மயிலாத்தாளிடம் பேசிவிட்டு எழுகிறவர்களின் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தார். அதன்பின் ஊர் திரும்பவில்லை.

தை மாதம் கூடத்தை ஏகாம்பரத்தின் பொறுப்பில் விட்டார் மயிலாத்தாள்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "இங்கே பார்க்க என்ன இருக்கு?"

ஏகாம்பரம் மூன்றே நாளில் பலகை எழுதி வாசலில் மாட்டினார். 'பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்.' அருவி முதலிடம். ஒவ்வொன்றுக்கும் தூரம், அம்புக்குறி.

பங்குனிக்குள் கூடம் வெறிச்சோடிவிட்டது. சைக்கிள்கள் வந்தன. நின்றவர்கள் பலகையைப் படித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பேச ஆளில்லாததால் ஊர்க்காரர்களும் வருவதை நிறுத்தினார்கள். சும்மா கிடக்கிற இடத்தில் மக்காச்சோள மூட்டைகளை அடுக்கலாம் என்று பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு.

ஏகாம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாலைக்கும் வாசலுக்குமாக நடந்தார். பலகைக்கு வேறு வண்ணம் அடித்தார். ஆறாவதாக ஓர் இடம் அகப்படுமா என்று காட்டுக்குள் அலைந்து முள் குத்தித் திரும்பினார்.

வியாழக்கிழமை காலை மயிலாத்தாளிடம் வந்தார்.

"அம்மா, ஒருத்தரும் உட்கார மாட்டேங்கறாங்க. கூடம் கையைவிட்டுப் போயிடும். நான் என்ன தப்பு பண்ணேன்?"

மயிலாத்தாள் எழுந்துபோய்ப் பலகையைக் கழற்றினார். தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

"அம்மா! நாளைக்கு ஊர்க்கூட்டம்!"

"தெரியுமுங்க. உக்காருங்க."

"இப்ப எப்படி உக்கார்றது?"

"காலை மடக்கித்தானுங்க."

ஏகாம்பரம் உட்காரவில்லை.

மூட்டை அடுக்க அளவெடுப்பதற்காக ஊர்த்தலைவர் சென்னியப்பன் டேப்போடு வந்தார். "என்னுங்க கைடு சார், ஆறாவது எடம் ஆம்பிட்டுதுங்களா?" என்று சிரித்தார். ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், உடம்பெல்லாம் புழுதி.

"இங்கே பார்க்க என்னங்க இருக்கு?"

ஏகாம்பரத்தின் கை தானாக மலைப்பக்கம் நீண்டது. மயிலாத்தாள் முந்திக்கொண்டார்.

"தெரியலீங்களே. நீங்க வர்ற வழியில என்னத்தப் பாத்தீங்க?"

வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு ஊர்ல மக்காச்சோளக் காட்டுல ஆட்டை விட்டு மேய்ச்சாங்க. கதிர் நிக்குது, ஆனா அத்தனையும் புழு."

சென்னியப்பன் டேப்பை இழுப்பதை நிறுத்தினார். "எந்த ஊருங்க?"

"பேர் தெரியல. பாலம் தாண்டினதும் வலது கைப்பக்கம். நீல மோட்டார் ரூம்."

"அட, அது எம் மச்சினன் காடு! நேத்துக்கூட போன்ல, வெளச்சல் சூப்பருன்னு பீத்துனானே!"

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். விஷயம் கேட்டு இன்னும் நாலு பேர். வந்தவர் புழுவின் நிறத்தைச் சொன்னார். ஒருவர் மருந்து சொன்னார், இன்னொருவர் அந்த மருந்தைத் திட்டினார். பேச்சு சோளத்திலிருந்து மச்சினனுக்கும், அங்கிருந்து அவன் கல்யாணத்துக்கும் போனது. வந்தவர் இரண்டாவது சொம்புக் கூழ் குடித்தார். கூட்டத்தைப் பார்த்து மேலும் மூன்று சைக்கிள்கள் நின்றன. வெயில் உச்சிக்கு வந்தும் ஒருவரும் எழவில்லை.

சென்னியப்பன்தான் முதலில் கிளம்பினார். டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மூட்டைக்கு வேற எடம் பாத்துக்கலாம். கூட்டத்துல நானே சொல்லிக்கறேன்."

எல்லோரும் போனபிறகும் ஏகாம்பரம் நடந்துகொண்டே இருந்தார்.

"கூடம் தப்பிச்சுது, சரி. ஆனா கேட்டவர்கிட்ட தெரியலைன்னு பொய் சொன்னீங்களே அம்மா. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. அருவிகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"எங்கீங்க பாத்தேன்?" என்றார் மயிலாத்தாள். "போலாம்னு நானும் கெளம்பத்தான் செய்யறேன். அந்நேரம் பாத்து யாராச்சும் வந்தர்றாங்க."