குகைக்கு வழி கேட்டவன்

விடையை முதலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கதைக்கு வருகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மற்றவர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

'இருட்டுக் கோட்டை' என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. அதில் நம் ஆட்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் 'ஒற்றை யானைகள்'. கூட்டமாகச் சேர்ந்துகொண்டு ஒற்றை யானை என்று பெயர் வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ! குழுவில் ஒரே சட்டம்: யாரும் யாரிடமும் வழி கேட்கக் கூடாது. கேட்டால் போதும், வாய்ஸ் சாட்டில் ஆளாளுக்குப் பிடித்துக் கிழிப்பார்கள். பதில் மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வராது.

அந்த விளையாட்டில் ஒரு குகை உண்டு. உள்ளே கும்மிருட்டு. சுவர் விளக்குகளுக்குத் தன் குப்பியிலிருந்து எண்ணெய் ஊற்றி, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால்தான் பாதை தெரியும். திரும்பும்போது ஏற்றியவரே விளக்கை அணைத்தால் எண்ணெய் மறுபடி குப்பிக்கு வந்துவிடும். அடுத்தவர் எத்தனை முறை ஊதினாலும் அது அணையாது. ஒற்றை யானைகள் எல்லோரும் தவறாமல் அணைத்துவிட்டுத்தான் வருவார்கள். எண்ணெய் மேல் அத்தனை ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் வருகிறவன் நம் வெளிச்சத்தில் சுகமாக நடந்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணம்தான்!

குழுத் தலைவர் தூத்துக்குடி சேர்மதுரை. கப்பலில் வேலை கிடைத்து, விளையாட்டை விட்டுக் கிளம்பும்போது ஓர் அறிவிப்புச் செய்தார்.

"யார் உதவியும் இல்லாம குகையைக் கடக்கிற ஆளுக்குத்தான் என் பதவி. குழுவுல சேக்கிறதும் வெரட்டுறதும் இனி அவங்க இஷ்டம்."

போட்டிக்கு மூன்று பேர் வந்தார்கள். வாணியம்பாடி இத்ரீஸும் நாகர்கோவில் ஜெசிந்தாவும் பழைய ஆட்கள். மூன்றாமவன் செங்கோடன், புதியவன். கோபி ஊர்க்காரன். வேலைக்காக ஓசூரில் ஓர் அறையில் தனியாகக் கிடந்தான். பேச்சுத்துணை என்று அவனுக்கு இருந்தது இந்தக் குழு ஒன்றுதான். திட்டுகிற துணை என்றாலும் துணைதானே.

சேர்மதுரை முதலில் தானே உள்ளே போய், ஒரு விளக்கும் எரியவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். மூவரைத் தவிர வேறு யாரையும் குகைப் பக்கம் விடவில்லை.

செங்கோடன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவனால் முடியவில்லை.

"ஏனுங்க, உள்ள போனா எந்தப் பக்கமுங்க திரும்போணும்? சுத்திச் சுத்தி ஒரே எடத்துக்கே வந்துட்டிருக்கறனுங்க. யாராச்சும் சொல்லுங்களேன்."

"உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து கையைப் புடிச்சிக்கச் சொல்லு" என்றான் இத்ரீஸ்.

"பிச்சை எடுக்கதுக்கு வேற எடம் பாரு. நான் தலைவியா வந்தா முதல் வேலையே உன்னை வெரட்டுறதுதான்" என்றாள் ஜெசிந்தா.

"எனக்கும் அதான் முதல் வேலை" என்று இத்ரீஸும் சேர்ந்துகொண்டான். எதிலும் ஒத்துப் போகாத அந்த இரண்டு பேரும் இதில் மட்டும் ஒரே கட்சி. செங்கோடன் வெட்கத்தை விட்டு மறுபடியும் மறுபடியும் கேட்டான். கேலிதான் கிடைத்தது.

கடைசியில் மூவருமே கடந்து வந்துவிட்டார்கள். சேர்மதுரை ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார்.

"நான்தான் முதல்ல போனேன்" என்றான் இத்ரீஸ். "குழுவுல ஒருத்தரையும் கேக்கல. யாரோ வெளியாள் போட்ட வீடியோ பார்த்தேன், அவ்ளோதான். ஏத்துன விளக்கை எல்லாம் அணைச்சிட்டுத்தான் வந்தேன்."

ஜெசிந்தாவுக்கு இளக்காரம் தாங்கவில்லை. "நான் வீடியோவும் பாக்கல, ஒருத்தர்ட்டயும் வாயைத் தொறக்கவும் இல்ல. நேரா நடந்தேன், வந்துட்டேன். குப்பியில ஒரு சொட்டு எண்ணெய்கூட குறையல. வேணும்னா பாத்துக்கிடுங்க."

குழுவே கைதட்டியது. இனி செங்கோடனுக்கு இங்கே இடமில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"நானு எல்லார்த்தையும் கேட்டனுங்க" என்றான் மெதுவாக. "ஒருத்தருஞ் சொல்லலீங்க. இருட்டுல முட்டி மோதித்தான் வந்து சேந்தனுங்க. எண்ணெய் சுத்தமாத் தீந்து போச்சுங்க."

"ஏத்தினதை அணைச்சா எண்ணெய் திரும்பி வரும், இதுகூடத் தெரியாதா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"அதையும் யாருஞ் சொல்லலீங்களே."

கதையை இங்கே நிறுத்துகிறேன். கேட்காமல் பார்த்தவன் ஒருவன், கேட்காமலும் பார்க்காமலும் நடந்தவள் ஒருத்தி, ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவன் ஒருவன். யார் உதவியும் இல்லாமல் குகையைக் கடந்தவர் இவர்களில் யார்? தலைவர் பதவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: செங்கோடனுக்கு. இத்ரீஸ் வீடியோவைப் பார்த்தபோதே தோற்றுவிட்டான். வெளியாள் செய்தாலும் உதவி உதவிதான். ஜெசிந்தா? அந்தக் கும்மிருட்டில் ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லாமல் ஒருத்தி எப்படி நேராக நடக்க முடியும்? அவளுக்கு முன்னால் போன செங்கோடன் அணைக்காமல் விட்ட விளக்குகளின் வெளிச்சத்தில்தான் அம்மணி நடந்திருக்கிறாள். 'அணைத்துவிட்டு வா' என்று யாராவது அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் முட்டி மோதியிருப்பாள். கேட்டது எல்லோரிடமும் என்றாலும், ஒருவரிடமிருந்தும் எதுவும் கிடைக்காதவன் செங்கோடன் மட்டும்தான். சேர்மதுரை பதவியை அவனிடமே கொடுத்தார். முதலில் யாரை விரட்டினான் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒருவரையும் விரட்டவில்லை. நேராகக் குகைக்குள் போனான். தன் விளக்குகளை ஒன்று விடாமல் அணைத்து, குப்பியை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டபடி நின்றாள். அவன் பதில் சொல்லாமல் அவளைத் தாண்டிப் போனான்.