சைவம் மட்டும்

ஏரிக்கரை மருதமரத்தில் ஏழு பொந்துகள் இருந்தன. அத்தனையும் குடைந்தவள் தச்சி என்ற மரங்கொத்தி. ஆண்டுக்கு ஒன்று குடைவாள். குஞ்சுகள் பறந்ததும் விட்டுவிட்டுப் போவாள். மறுநாளே கிளிகள் அதைத் தமதாக்கிக்கொள்ளும். நான்கில் கிளிகள் குடியிருந்தன. மூன்று காலியாகக் கிடந்தன, வாடகை இன்னும் ஏறட்டும் என்று.

அந்த ஆண்டுப் புயலில் தச்சி இம்முறை பொந்து குடைந்திருந்த வாகைமரம் சாய்ந்தது. அவள் துணைவனும் அதோடு போனான். கரையில் மிஞ்சியது மருதமரம் ஒன்றுதான். தச்சியோ பத்து நாளில் முட்டையிட்டாக வேண்டும்.

மருதமரத்தடியில் எழுதிய மரப்பட்டை ஒன்று தொங்கியது: ‘பொந்து வாடகைக்கு. சைவம் மட்டும்.’ பக்கத்தில் தரகர் அணில் வரியப்பன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, பொந்து இருக்கா?"

"இருக்கும்மா. மாசம் ஐம்பது கொய்யா. பத்து மாச அட்வான்ஸ்."

"ஐந்நூறு கொய்யாவா! போன வருஷம் இருபதுதானே வாடகை?"

"போன வருஷம் வாகைமரம் நின்னுச்சே!"

"சரி, எப்படியாவது பொறுக்கித் தர்றேன்."

"அது இருக்கட்டும். நீங்க சைவமா?"

தச்சி மென்று விழுங்கினாள். "மரத்துல இருக்கிற புழு, எறும்பு..."

"அடடா! மேலே ஐயா காதில விழுந்தா என் பிழைப்பு போச்சு!"

விழுந்துவிட்டது. கிளிகளின் தலைவர் செம்மூக்கர் எட்டிப் பார்த்தார். "வாடை வரும்மா! நாங்க பரம்பரையா பழம் திங்கிறவங்க."

"ஐயா, நீங்க நிக்கிற வாசலே நான் கொத்தினதுதான்."

"வேலை நல்ல வேலைதான். அதுக்காகக் கூடவே குடியிருக்கணுமா?"

"கொய்யாவுக்குள்ளயும் புழு இருக்குமே?"

"அது தெரியாம உள்ளே போறது!"

"அப்ப நானும் கண்ணை மூடிக்கிட்டுத் தின்னா சைவமாயிடுவேனா?"

வரியப்பன் சிரித்துவிட்டு, இருமினாற்போல் சமாளித்தான்.

"புதுசா ஒன்னு குடைஞ்சுக்கட்டுமா, ஐயா?"

"கூடவே கூடாது! மரத்தோட பலம் போயிடும்!"

தச்சி ஏரிக்கு அக்கரையில் இருந்த மொட்டைப் பனைக்குப் போனாள். அலகு வலிக்கக் கொத்தினாள். எட்டாம் நாள் பெரிய மழை. உளுத்த பனை பொந்தோடு சரிந்தது. அவள் ஈர மண்ணில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டே நாள்.

அன்று மாலையே செம்மூக்கர் அங்கே வந்து இறங்கினார். சிறகிலிருந்து நீர் சொட்டியது.

"அம்மா, சுவருக்குள்ள கறக் கறக்னு சத்தம்! குஞ்சுங்க தலையில மரத்தூள் கொட்டுது. நீ வந்து கொத்தாத எட்டு நாள்ல வண்டுப் புழு புகுந்திருச்சு. எடுத்துட்டுப் போம்மா!"

"எடுத்துட்டா? சாப்பிட்டுட்டுன்னு சொல்லுங்க, ஐயா."

செம்மூக்கர் தலைகுனிந்தார். "சாப்பிட்டுட்டுப் போம்மா."

"அந்தப் ‘போம்மா’வையும் விடுங்க. புழு நகர்ற சத்தம் விடியறப்போதான் நல்லாக் கேட்கும். அந்த மரத்துலயே படுத்துக் கிடந்தாத்தான் எந்தக் கிளைன்னு தெரியும். இந்தக் கரையிலிருந்து வந்து போனா எப்படிக் கேட்கும்?"

செம்மூக்கர் ஏரிக்கு அப்பால் இருந்த மருதமரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "காலியா இருக்கிற மூணுல உனக்கு எது வேணும்?"

"தெற்குக் கிளைப் பொந்து. சும்மா வேண்டாம். பழைய வாடகை, இருபது கொய்யா."

இருவரும் மருதமரத்துக்கு வந்ததும், "அட்வான்ஸ்..." என்று வரியப்பன் மரத்தடியில் வாய் திறந்தான். செம்மூக்கர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பத்தாம் நாள் தெற்குக் கிளையில் மூன்று வெள்ளை முட்டைகள் இருந்தன. தச்சி விடியலில் காது கொடுத்துக் கேட்பாள், புழு இருக்கும் இடம் பார்த்துக் கொத்துவாள், ஓடிவந்து அடை காப்பாள். மரத்தூள் கொட்டுவது நின்றது. கிளிக்குஞ்சுகள் நிம்மதியாகத் தூங்கின.

சில நாள் கழித்து ஒரு மைனா குடும்பம் பொந்து கேட்டு வந்தது. வரியப்பன் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான்: "நீங்க சை..."

மேலே டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"சை... சைஸ் பார்த்துக்குங்க! வாசல் உங்களுக்குப் போதுமா?"

பட்டையை அவன் அன்றே கழற்றிக் கொறித்துவிட்டான்.

வீடு கட்டியவருக்கு இருக்க இடம் தராத ஊர், தன் சுவரைத் தானே உளுத்துப்போக விடுகிறது.