படலைச் சாத்திட்டுப் போன புலி

ஒரு மலையடிவாரத்துல ஒரு ஊரு, அந்த ஊர்ல காராயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு இருந்தது கொஞ்சம் ஆடும் ஒரு துண்டு சோளக்காடும்தான். ஆட்டுக்கிட்டப் பேசுவா, மரத்துக்கிட்டப் பேசுவா, அதனால ஊரே அவளைக் கிறுக்கின்னு கூப்புடும். கூப்புட்டாக் கூப்புடட்டும்னு அவ பாட்டுக்கு இருப்பா.

மலைமேல ஒரு புலி இருந்துச்சு. முன்னாடியெல்லாம் அந்தக் காடு நெறையப் புலிதான், அத்தனையையும் பழைய ராசாக்கள் வேட்டையாடியே தீத்துட்டாங்க. மிச்சம் இது ஒண்ணுதான், அதுவும் குட்டி போட்ட தாய்ப்புலி. இப்ப இருந்த ராசா நல்லவரு. "இதுவாவது பொழைச்சுக் கெடக்கட்டும், ஒருத்தரும் தொடக்கூடாது. புலி யாரு ஆட்டையாவது அடிச்சா, அரண்மனை மந்தையிலேருந்து ஒண்ணுக்கு ரெண்டாத் தர்றேன்"னு தமுக்கு அடிக்கச் சொல்லிட்டாரு.

நல்ல மனசுதான், ஆனா அந்த ஊர்ல சடையாண்டின்னு ஒரு பெரிய மந்தைக்காரன் இருந்தானே, அவன் காதுல 'ஒண்ணுக்கு ரெண்டு' மட்டும்தான் விழுந்துச்சு. என்ன பண்ணினான் தெரியுமா? தன்னோட ஆட்டைத் தானே தோள்ல தூக்கிட்டுப் போயி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற மாமியார் வீட்டுல கட்டிட்டு, திரும்பி வந்து மார்ல அடிச்சுக்கிட்டான்.

"புலி வந்துச்சே, படலைப் பிச்சு எறிஞ்சுச்சே, என் ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சே."

படல்னா என்னன்னு கேக்குறியா? ஆட்டுப்பட்டிக்கு முள்ளுல கட்டின கதவு கண்ணு. அதைச் சாத்தி, கயித்துக் கண்ணியைக் கம்புல மாட்டிட்டா ஆடு வெளிய போகாது.

சரி, அரண்மனையிலேருந்து ரெண்டு ஆடு வந்துச்சு. ருசி கண்டவன் விடுவானா? இன்னொரு ஆட்டைத் தூக்கினான், மார்ல அடிச்சுக்கிட்டான், ரெண்டு ஆடு வந்துச்சு. அப்புறம் மறுபடியும் தூக்கினான், அடிச்சுக்கிட்டான், வந்துச்சு. அதோட ராசாவுக்குப் பொறுமை போயிடுச்சு.

"இத்தனை ஆடு திங்கிற புலி அடுத்து ஆளைத் திங்கும். நாளைக்கே வேட்டை. புலியும் வேண்டாம், குட்டியும் வேண்டாம்"னுட்டாரு.

காராயிக்கு இதைக் கேட்டு இருப்புக் கொள்ளலை. ஏன்னா, புலி இருக்குற பயத்துலதான் காட்டுப்பன்னி கீழ எறங்காம இருந்துச்சு, புலி போச்சுன்னா அவ சோளமும் போச்சு. அதைவிட, கடைசியா மிஞ்சின ஒரு உசுரையும் குத்திப் போட்டுருவாங்களேன்னு அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. உச்சி வெயில்ல விறுவிறுன்னு மலை ஏறினா, ஓடைக்கரையில புலி குட்டிக்குப் பால் கொடுத்துட்டுப் படுத்திருந்துச்சு.

பயமில்லாமயா? பயந்தான். ஆனாலும் கேட்டா.

"ஆத்தா, சடையாண்டி ஆட்டைத் தின்னியா?"

"தின்னலை."

"ரெண்டாவதை?"

"தின்னலை."

"மூணாவதை?"

"தின்னலைன்னு சொல்றேன்ல தாயி. போன மழைக்கு உன் ஆட்டைத்தான் ஒண்ணு தின்னேன்."

"அது நீதானா? காய்ச்சல்ல கெடந்தேன், படலைச் சாத்த ஆளில்லை."

"தெறந்து கெடந்துச்சு, வந்தேன். இப்பத்தான் ஆளு ஒசரத்துக்கு முள்ளு கட்டிட்டியே, அதுல மூஞ்சியைக் கிழிச்சுக்க எனக்கென்ன தலையெழுத்தா? காட்டுல மானில்லையா, பன்னியில்லையா?"

"அன்னிக்குப் போகும்போது படலைச் சாத்திட்டுப் போனியா?"

புலிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "கவ்வினேன், போனேன். சாத்துறதெல்லாம் உங்க வேலை."

அவ்வளவுதான், காராயி துள்ளிக் குதிச்சா. ஆடு காணாமப்போன ஒவ்வொரு காலையிலயும் அவ சாணி பொறுக்கச் சடையாண்டி பட்டிப் பக்கம் போயிருக்கா. ஒவ்வொரு தடவையும் அந்தப் படல் ஒழுங்காச் சாத்தி, கண்ணி மாட்டித்தான் இருந்துச்சு. ஓட்டமா ஓடி வந்தா பாரு, தடுக்கி விழுந்ததுகூடத் தெரியலை.

விடிஞ்சதும் தப்பு அடிக்குது, கொம்பு ஊதுது, வேல்காரங்க நூறு பேரு நிக்குறாங்க, ராசா குதிரைமேல வர்றாரு. காராயி குதிரைக்குக் குறுக்க விழுந்தா.

"தூக்குங்கடா இந்தக் கிறுக்கிய"ன்னு சடையாண்டி கத்துனான்.

"சாமி, புலி எங்கயும் ஓடிப்போயிடாது. அது ஆட்டை எப்படித் தூக்குச்சுன்னு இந்த அண்ணன் ஒரு தடவை செஞ்சு காட்டட்டும், பெறகு போங்க"ன்னா.

ராசாவுக்கும் பாக்க ஆசைதான், சரின்னாரு. சடையாண்டிக்கு ஒரே குஷி, ராசா முன்னாடி ஆடிக் காட்டறதுன்னா சும்மாவா. உறுமினான், தன் பட்டிக்குள்ள பாஞ்சான், கொழுத்த கெடாவா ஒண்ணைப் பிடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தான். வந்தவன் திரும்பிக்கூடப் பாக்கலை, காலால படலை இழுத்துச் சாத்தி, கையால கண்ணியை மாட்டிட்டு, "இப்படித்தான் சாமி போச்சு"ன்னான்.

ஊர்ல எல்லாரும் ஆடு மேய்க்கிறவங்க இல்லையா, பாத்த உடனே புரிஞ்சுபோச்சு.

"அண்ணே, புலி கண்ணியும் மாட்டிச்சா?"ன்னு காராயி கேட்டா. சடையாண்டி குனிஞ்சு பாக்குறான், அவன் கை இன்னும் கயித்துமேலதான் இருக்கு.

"நானா இருந்தாலும் சாத்தியிருப்பேன் சாமி. மந்தைக்காரன் கை தானாச் சாத்திடும், அது பழக்கம். புலி பிச்சு எறிஞ்சதா அண்ணன் சொன்ன இந்தப் படல், ஆடு போன அத்தனை காலையிலயும் இப்படித்தான் சாத்திக் கெடந்துச்சு, நான் பாத்தேன். புலிக்கு ஏது சாமி அந்தப் பழக்கம்?"

"ஆடெல்லாம் எங்கடா?"ன்னு ராசா கேட்டாரு. வேலெல்லாம் இவன் பக்கம் திரும்புச்சு. மாமியார் வீடுன்னு கக்கிட்டான். ராசா அனுப்பின ஆளுங்களோட அந்த மாமியாரே ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து, "இதுங்க மேஞ்சு என் அவரைக்கொடி அத்தனையும் போச்சு, கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னு மருமவனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுச்சு.

ராசா வேட்டையை நிறுத்தினாரு. அரண்மனை ஆட்டையெல்லாம் திருப்பி ஓட்டிக்கிட்டாரு. "இனி ஒண்ணுக்கு ஒண்ணுதான், அதுவும் வேலி ஆளு ஒசரம் இருக்கணும், படல் சாத்தியிருக்கணும். அதைப் பாத்துச் சொல்ல வேண்டியது காராயி"ன்னாரு. அப்புறம் சடையாண்டியைப் பாத்து, "ஊர்ல அத்தனை பட்டிக்கும் வேலியை நீதான் ஒசத்திக் கட்டணும், முள்ளு மலையில இருக்கு, தனியாப் போயி வெட்டிக்கோ"ன்னாரு.

போனான். கையெல்லாம் முள்ளு கிழிக்க வெட்டினான். நிமிந்து பாத்தா, ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல புலி, பக்கத்துல குட்டிங்க. அது ஒண்ணும் பண்ணலை, கொட்டாவிதான் விட்டுச்சு. அந்தக் கொட்டாவிக்கே இவனுக்கு வேட்டி நனைஞ்சுடுச்சு. தெனமும் போனான், தெனமும் அது வந்து உக்காந்து பாத்துச்சு.

வேலி ஒசந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு ஆடும் போகலை, ஒரு புலியும் சாகலை. செய்யாத குத்தத்தை வாயில்லாத சீவன்மேல போட்டா அது நம்மகிட்டயே திரும்பி வரும் கண்ணுகளா. புலி மலைக்குப் போச்சு, ஆடு பட்டிக்குப் போச்சு, கதையும் முடிஞ்சு போச்சு, கண்ணை மூடித் தூங்குங்க.