அரண்மனைக்குள் அடங்காத சொல்

அம்பாரி வைத்த யானைகள் ஜோடி ஜோடியாக நுழையும் அரண்மனை அது. அதற்குள் தம்மாத்துண்டு சொல் ஒன்று அடங்காமல் வெளியே நின்றது என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். மந்திரி பிரம்மராயரும் நம்பவில்லை.

முன்னே ஒரு காலத்தில், கடலோர நாடொன்றின் மகாராஜா, ஆங்கிலக் கப்பல்காரர்கள் வாயில் சதா புரளும் ‘செட்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவையில் கேட்டார்.

விகடகவி அழகுநம்பி எழுந்தான். “சொல்லைத் தும்மி முடிப்பதற்குள் சொல்லிவிடலாம், மகாராஜா. ஆனால் அதன் அர்த்தங்கள் இந்த அரண்மனைக்குள் அடங்கா.”

“அவையில் பொய் சொன்னவனை நாடு கடத்துவது சட்டம், பிரபு” என்று பாய்ந்தார் பிரம்மராயர்.

“பொழுது சாய்வதற்குள் எல்லா அர்த்தத்தையும் இங்கே கொண்டுவந்து நிறுத்து, நம்பி. அடங்கிவிட்டால் மூட்டையைக் கட்டு” என்றார் ராஜா.

நம்பி, கப்பல்காரர்களின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியை இழுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஊரே வந்தது. தட்டான் மோதிரத்தில் கல் பதித்தபடி வந்தான். வைத்தியர், எலும்பு சேர்த்துக் கட்டிய நோயாளியைக் கட்டிலோடு கொண்டுவந்தார். உறைந்த தயிர்ப்பானைகள், விரித்த கப்பல்பாய், வைத்த எலிப்பொறி, வரிசை குறையாத பீங்கான் கோப்பைகள், அடைகாக்க உட்கார்த்திய கோழி.

ஒவ்வொன்றுக்கும் துபாஷி, “இதற்கும் அந்தச் சொல்தான்” என்றான்.

“இத்தனையும் ஒரு தாய்ப் பிள்ளைகளா?” என்று வாய் பிளந்தார் ராஜா.

“இல்லை மகாராஜா. உட்கார வைப்பதைச் சொன்ன பழஞ்சொல் ஒன்று, கூட்டத்தைச் சொல்லிப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது ஒன்று. இரண்டும் ஒரே முகமாகிவிட்டன. எது யார் பிள்ளை என்று ஆங்கிலேயர்களுக்கே குழப்பம்” என்றான் துபாஷி.

வருகிறவர்களை மந்திரியே வெற்றிலை கொடுத்து அழைப்பது அந்த அவையின் வழக்கம். பிரம்மராயருக்குக் கை கடுத்தது.

“கோழிக்குமா?”

“விருந்தாளிதானே, சுவாமி” என்றான் நம்பி.

கடைசியில் எல்லாம் அடங்கிவிட்டது. பிரம்மராயர் முகம் மலர்ந்தது. “வண்டி பூட்டச் சொல்லட்டுமா, நம்பி?”

“இன்னும் ஒருவர் வெளியே நிற்கிறார், சுவாமி. நீங்கள்தான் அழைக்க வேண்டும்.”

பிரம்மராயர் வெற்றிலையோடு வாசலுக்குப் போனார். அவையே பின்னால் போனது. எதிரே, கடலையும் வானத்தையும் சிவப்பாக்கிக்கொண்டு, சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

“இதற்கும் அந்தச் சொல்தான்” என்றான் துபாஷி, குரல் தாழ்த்தி.

கோழிகூடக் கொக்கரிக்கவில்லை.  ராஜா அரண்மனை அதிரச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார்.

“என்ன பிரம்மராயரே, உள்ளே அழைப்பதுதானே?”

வெற்றிலையை நீட்டியபடியே நின்றிருந்தார் மந்திரி.

“அடங்காது, பிரபு. நானே பார்த்துவிட்டேன்.”