முப்பத்தெட்டு வரி நடந்தவர்

எண்களைக் கூட்டம் கூட்டமாக நடத்தும் கணினி மொழி ஒன்று உண்டு. அதை ஒரு மலையூரில் பத்மாசனி என்பவர் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. அவருடைய சீடர்களில் ஒருவரான வேதமாணிக்கத்துக்கு ஐம்பத்து நான்கு.

வேதமாணிக்கம் திசையன்விளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் குருவும் அப்படியே கூப்பிட்டார். அவர் குருவை டீச்சர் என்றார். இருவரில் யார் யாரிடம் படிக்கிறார் என்பதை வெளியாட்கள் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் அறை இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. "சர்ட்டிபிகேட்டோட வாங்க சார், சாவியைத் தந்துடறேன்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எந்த மொழியில் சர்ட்டிபிகேட் என்று அவர் சொல்லவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை. "வாற திங்க இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை திறந்துருவோம்லே" என்று பிள்ளைகளிடம் அறிவித்துவிட்டு மலையேறிவிட்டார்.

அந்த மொழியின் வழக்கங்களே தனி. கணக்கு வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக வரும். பெருக்கலுக்கு முதல் பந்தி, கூட்டலுக்கு அடுத்த பந்தி என்ற பேதமெல்லாம் கிடையாது. சொற்களுக்குப் பதிலாகக் குறிகள். நடுவில் கம்பி குத்திய முக்கோணம், சிறியது முதல் பெரியது வரை யாருக்கு எந்த இடம் என்று சொல்லும். வால் வைத்த வட்டம், நீண்ட வரிசையை மடித்து அடுக்கும். மாஸ்டர் அத்தனை குறிகளையும் ஒன்பதே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுதத்தான் வரவில்லை.

பத்தாம் நாள் கடைசி நாள். தேர்வில் ஒரே ஒரு கேள்வி. வகுப்பிலுள்ள மற்ற இருபத்து நாலு பேரின் உயரங்களையும் சிறியது முதல் பெரியது வரை, எட்டு எட்டாக மூன்று வரிசையில் அடுக்க வேண்டும். ஒரே வரியில்.

மற்றவர்கள் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாஸ்டர் மதியத்துக்குள் மூன்று முறை எழுதினார். மூன்றாவது, முப்பத்தெட்டு வரி வந்தது.

பத்மாசனி நிதானமாகப் படித்தார்.

"விடை சரிதான், மாஸ்டர்."

"அப்போ பாஸ்தானே டீச்சர்?"

"இதுக்குள்ள யாரோ ஒருத்தர் நடந்துட்டே இருக்காரே."

"யாரு?"

"நீங்கதான். முதல் எண்கிட்டப் போறீங்க, தோளைத் தட்டறீங்க, பக்கத்து எண்ணைப் பார்க்கறீங்க, இடம் மாத்தறீங்க, திரும்ப வர்றீங்க. அப்புறம் ரெண்டாவது எண். கால் வலிக்கலையா?"

"டிரில் மாஸ்டருக்கு என்ன கால்வலி?"

"சரி, நடங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

மாஸ்டருக்குப் பூட்டிக் கிடந்த அறை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை அந்த அறை வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்பார்கள். பூட்டைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்குதேன். எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. இருபத்து நாலு எண்ணை ஒரே நேரத்துல எப்படிப் பாக்கது?"

அவர் பதில் சொல்லுமுன் வெளியிலிருந்து கூச்சல் கேட்டது. பத்மாசனி எழுந்து மைதானத்துக்குப் போனார். மாஸ்டரும் பின்னால் போனார்.

வகுப்பின் குரூப் போட்டோ எடுப்பதற்காகப் போட்டோக்காரர் ருத்ரமூர்த்தி வந்திருந்தார். முக்கால் மணி நேரமாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"மஞ்சச் சட்டை சார், நீங்க ரெண்டாவது வரிசை. அம்மா, நீங்க முன்னாடி. இல்லம்மா, நீங்க இல்ல, அவங்க. சார், நீங்க ஏன் மறுபடி இங்க வந்தீங்க?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க."

"அது அப்போ சார்."

ஒருவரை நகர்த்தினால் இருவர் மறைந்தார்கள். எதிர் மலையிலிருந்து மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், கொஞ்சம் பாருங்களேன்" என்றார் பத்மாசனி.

மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மைதானத்தின் நடுவே போய் நின்றார். முப்பத்தெட்டு வரி எழுதிக் களைத்த ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"எல்லாரும் ஒரே வரிசை. குட்டை இடது, உயரம் வலது. அமை."

வரிசை தானாகக் கலைந்து தானாகக் கூடியது. ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருப்பவரின் தலையைப் பார்த்துக்கொண்டு இடம் மாறினார்கள். சிரிப்பு வேறு. கல்லூரி விரிவுரையாளர் கடம்பவனம் மட்டும், ஆறடி உயரத்தை வைத்துக்கொண்டு, இடது கோடியில் தன் நண்பரின் அருகே நின்றார். ருத்ரமூர்த்தி அவரைப் பிடித்து இழுக்க ஓடினார்.

"அண்ணே, தொடாதீங்க" என்றார் மாஸ்டர். "அவரே போவாரு."

கடம்பவனத்தின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி இன்னொரு முறை சொன்னார்:

"உயரம் வலது."

கடம்பவனம் நண்பரின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வலது கோடிக்கு நடந்தார்.

"எட்டு எட்டாக, மூன்று வரிசை. குட்டை முன்னால். அமை."

வரிசை மடிந்து மூன்றாக நின்றது. ஒரு தலையும் இன்னொரு தலையை மறைக்கவில்லை. மாஸ்டர் ஓரமாகப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாப் பள்ளிப் போட்டோக்களிலும் டிரில் மாஸ்டர்கள் நிற்கும் இடம் அது. மேகம் வந்து மூடுவதற்குள் ருத்ரமூர்த்தி மூன்று படம் எடுத்துவிட்டார்.

"முக்கா மணி நேரம் தொண்டை வத்துனது எனக்கு, பேரு உங்களுக்கு" என்றார் ருத்ரமூர்த்தி.

மாஸ்டர் பெருமையோடு மேசைக்குத் திரும்பினார். முப்பத்தெட்டு வரியைத் திறந்தார். எங்கே குறைக்கலாம் என்று தேடி, நாலாவது வரியை அழித்து, அதையே ஐந்தாவது வரியாகத் திரும்ப எழுதினார்.

பத்மாசனி தேநீர் டம்ளரோடு பின்னால் வந்து நின்றார்.

"மாஸ்டர், மைதானத்துல எத்தனை பேர் தோளைத் தட்டினீங்க?"

மாஸ்டர் விரல்விட்டு எண்ணப் போனார். கை பாதியில் நின்றது.

"ஒருத்தரையும் தட்டலை."

"கடம்பவனம் சாரை?"

"அவரைப் பாக்கவே இல்லையே டீச்சர். வரிசையைத்தான் பாத்தேன்."

பத்மாசனி தேநீரை உறிஞ்சினார். டம்ளரைக் கழுவி வைக்கப் போய்விட்டார்.

மாஸ்டர் திரையைப் பார்த்தார். பிறகு, தொண்டைக்குள்ளேயே ஒரு சிரிப்பு புறப்பட்டது. முப்பத்தெட்டு வரியையும் அழித்தார். மைதானத்தில் முதலில் சொன்ன கட்டளையை வலப்பக்கம் எழுதினார்; கம்பி குத்திய முக்கோணம் அதற்குள் உட்கார்ந்தது. அடுத்த கட்டளையை அதற்கு இடப்பக்கம் எழுதினார். வால் வைத்த வட்டம், அதன் முன்னே மூன்றும் எட்டும். உயரங்களுக்கு ஓரெழுத்தில் பெயர் வைத்திருந்ததால், நடுவிலிருந்த இடைவெளியையும் சேர்த்து மொத்தம் ஒன்பது எழுத்துகள்.

"அமை" என்று முணுமுணுத்துவிட்டு விசையைத் தட்டினார்.

மூன்று வரிசை. எட்டு எட்டாக. கடைசி எண் கடம்பவனம்.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து, சீருடையில் இருப்பவர் போல விறைப்பாக நின்றார். பத்மாசனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த ஒரு வரியைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து சர்ட்டிபிகேட்டை எடுத்தார். அதில் வேதமாணிக்கம் என்ற பெயர் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டும் போட வேண்டியிருந்தது. போட்டார்.

மாஸ்டர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் ஏதோ தோன்றித் திரும்பினார்.

"டீச்சர், இங்க இருபத்து நாலு பேரு. எங்க பள்ளிக்கூடத்துல நானூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. அவங்களுக்கு எத்தனை வரி எழுதணும்?"

"வரி இதுவே போதும், மாஸ்டர்" என்றார் பத்மாசனி. "மைதானம் போதுமான்னு பாருங்க."